வண்டுகளோடு போனவள்

ஜனவரி 11, ஞாயிறு

இன்றைக்கும் வண்டுக்கூட்டம் போயிற்று. விடிந்தும் விடியாமல், எங்கள் ஜன்னலுக்குக் கீழே, வளவளவென்று பேசிக்கொண்டே. தலையில் ஓடு, கூனின முதுகு, உடம்போடு ஒட்டின சட்டை. தொப்பையை மறைக்கத்தான் மனுஷன் சட்டை என்று ஒன்றைக் கண்டுபிடித்தான். இவர்கள் தொப்பையை ஊருக்குக் காட்டச் சட்டை தைத்துப் போட்டுக்கொள்கிறார்கள். கடலோரச் சாலையில் கிளம்பி, பணக்கார வீடுகள் வழியாக, பாலம் ஏறி இறங்கி, பறவைக் காப்பகத்துச் சதுப்புக்குள் புகுந்து, கலங்கரை விளக்கம் வரை சைக்கிள் மிதித்துவிட்டுத் திரும்பி வருவார்களாம். போய் என்ன எடுத்து வருகிறார்கள்? ஒன்றுமில்லை. என்ன இறக்கிவிட்டு வருகிறார்கள்? அதுவும் இல்லை. கேட்டால் வழி அழகாக இருக்கிறதாம்.

அதே சாலையில் நாற்பது வருஷத்துக்குக் கிட்ட மூன்று சக்கர வண்டி மிதித்தவன் நான். ஐஸ் ஃபாக்டரியில் கட்டிகளை ஏற்றி, சாக்குப் போட்டு மூடி, மீன்பிடித் துறைமுகத்தில் இறக்கணும். ஒருத்தனும் என்னைப் பார்த்து, ஆகா, என்ன அழகான வழியில் போகிறாய் என்று சொன்னதில்லை. மூக்கைப் பொத்திக்கொண்டு ஒதுங்கினார்கள். அந்தக் காலம் பொற்காலம் என்று சொல்ல மாட்டேன். நாறியது. இப்போது நாறவில்லை. அவ்வளவுதான் முன்னேற்றம்.

நான் பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவன். என் பெயரைக்கூட எழுதத் தெரியாது. மகள்தான் போனில் ஏதோ செய்து கொடுத்தாள். நான் பேசினால் அது எழுதி, தேதி போட்டு வைத்துக்கொள்ளுமாம். "மனசுல இருக்கற எரிச்சலை எல்லாம் இதுகிட்ட கொட்டுப்பா, எங்களை விட்டுடு" என்றாள். சரி, கொட்டுகிறேன். இதுவாவது எதிர்த்துப் பேசாது.

என் மனைவிக்குக் கண் போய் ஒரு வருஷமாகிறது. கண்ணுக்குள் அழுத்தம் கூடி நரம்பு செத்துவிட்டதாம். இனி வராது என்று டாக்டர் மழை வராது என்று சொல்கிற மாதிரி சொன்னார். அன்றிலிருந்து அவளுடைய மணிக்கட்டு என் கையில்தான். குளியலறை, மாடிப்படி, கடை, ஆஸ்பத்திரி, எங்கே என்றாலும் நான் பிடித்துக்கொண்டு போகிறேன். ஒரு நாள் விழவிட்டதில்லை. எந்தப் புருஷன் செய்வான் இதை? அந்த வண்டுகளில் ஒருத்தன் செய்வானா?

ஜனவரி 13, செவ்வாய்

மகள் மருந்துக்கடை வேலை முடிந்து வந்தாள். வரும்போதே முகத்தில் ஒரு திட்டம் இருந்தது.

அந்த வண்டுக்கூட்டம் கண் தெரியாதவர்களையும் கூட்டிக்கொண்டு போகிறதாம். அதற்கென்று நீளச் சைக்கிள் வைத்திருக்கிறார்கள். இரண்டு சீட்டு, ஒரே சங்கிலியில் சேர்ந்து சுற்றுகிற இரண்டு ஜோடி பெடல். முன்னால் இருப்பவன் ஓட்டுவான், பின்னால் இருப்பவர் மிதிக்க மட்டும் வேண்டும்.

"எனக்குச் சைக்கிளே விடத் தெரியாதேடி" என்றாள் இவள்.

"விழாம பாத்துக்கறது முன்னாடி இருக்கறவங்க வேலைம்மா. உனக்குக் கால் இருக்குல்ல? அது போதும்."

நான் விடவில்லை. "பார்வை இருக்கறவனுக்கே அங்க பாக்க ஒண்ணுமில்லை. உப்புத் தண்ணி, சேறு, காக்காய். கண்ணு தெரியாதவளுக்கு என்னத்தைக் காட்டப் போறானுங்க? செவிடன் காதுல ஊதின சங்கு!"

மகள் வாயைத் திறப்பதற்குள் இவள் சொன்னாள்: "உங்களை யாரும் கூப்பிடலையே."

ஒரு வருஷமாக என்னிடம் 'ம்' தவிர வேறு பேசாதவள். வாய் திறந்ததும் முதல் வெட்டு எனக்கு.

ஜனவரி 18, ஞாயிறு

கூட்டத்தின் தலைமை வண்டு ஒரு பல் டாக்டர். சிவப்புச் சட்டை, பழுத்த தக்காளிக்குக் கைகால் முளைத்த மாதிரி. ஊரார் பல்லை எல்லாம் பிடுங்கினவன், தன் பல்லை மட்டும் முப்பத்திரண்டும் தெரியக் காட்டிக்கொண்டு வந்து நின்றான். நீளச் சைக்கிளைப் பார்த்தேன். ஏணிக்குச் சக்கரம் மாட்டின மாதிரி இருக்கிறது.

அந்த ஆளுக்கு வாய் மூடாது. "அம்மா, உங்க இடது பக்கம் நிக்கறேன். இதோ சீட்டு, தொட்டுப் பாருங்க. இப்ப வலது காலைப் பெடல்ல வைக்கறோம். மூணு, ரெண்டு, ஒண்ணு, கிளம்பறோம்."

"என்னய்யா, ராக்கெட்டா விடறே?" என்றேன்.

"பெரியவரே, பின்னால இருக்கறவங்களுக்குத் தெரியாம முன்னால இருக்கறவன் மூக்கைக்கூடச் சொறியக் கூடாது. அதான் எங்க சட்டம்" என்று சிரித்தான். அந்தச் சிரிப்புக்கே பல்லைப் பிடுங்கணும்.

வெயில் ஏறித் திரும்பி வந்தாள். தலைமுடி கலைந்து பறக்கிறது. முகம் சிவந்து கிடக்கிறது. இரண்டு ரொட்டி கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள், அப்புறம் இன்னொன்று கேட்டாள்.

"அப்படி என்னத்தைப் பாத்துட்டு வந்தே?" என்று கேட்டேன். வேண்டுமென்றுதான் கேட்டேன்.

அவளுக்குக் கோபம் வரவில்லை. "மதில் இருக்கற எடத்துல காத்து நின்னு போகுது. வாசக் கேட்டு வந்தா பொசுக்குனு வருது. அதை வச்சே வீடு வீடா எண்ணிட்டு வந்தேன். அப்புறம் மதிலே இல்லை. சேத்து வாசனை. என்னமோ ஒரு கூட்டம், ஈரத் துணிய உதறின மாதிரி ஒண்ணா மேல கிளம்பிச்சு. அத்தனையும் பறவையாம்."

அத்தனையும் பறவையாம்! வேறென்ன கிளம்பும், எருமையா?

ஜனவரி 19, திங்கள்

இன்னும் அதே பேச்சு. மதில், காற்று, டாக்டர் சொன்னார், டாக்டர் சொன்னார். எனக்குப் பல் வலி வந்துவிடும் போலிருக்கிறது.

ஜனவரி 25, ஞாயிறு

இரண்டாம் தடவை போய் வந்தாள். கீழே இறங்கி மணிக்கட்டைப் பிடிக்கப் போனேன்.

"விடுங்க. படி எத்தனைன்னு எனக்குத் தெரியும்."

கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு தானே ஏறினாள். நான் பின்னால், வேலை போன காவல்காரன் மாதிரி. எதிர்வீட்டுக்காரன் பார்த்துக்கொண்டே நின்றான். அவனுக்கு வேறு பிழைப்பு இல்லை.

பிப்ரவரி 1, ஞாயிறு

பஸ் ஏறிப் போய்ப் பார்த்தேன். என்னதான் நடக்கிறது அங்கே என்று.

காப்பக வாசலுக்கு எதிரே ஒரு டீக்கடை. வண்டுகள் அங்கேதான் இறங்குகின்றன. ஒருத்தன் தன் சைக்கிளைக் கடலுக்கு முன்னால் சாய்த்துவைத்து, மண்டிபோட்டு, படம் எடுக்கிறான். பெற்ற பிள்ளையை அப்படி எடுத்திருப்பானா? இன்னொருத்தன் கைக்கடிகாரத்தைப் பார்த்து, இதயம் எவ்வளவு அடித்தது என்று பக்கத்தில் இருப்பவளுக்குக் கணக்குச் சொல்கிறான். எனக்கு அடித்துக்கொண்டேதான் இருந்தது இத்தனை வருஷம். நான் யாரிடமும் சொன்னேனா? ஒரு கிழவன், என்னைவிட இரண்டு வயசுதான் குறைச்சல் இருக்கும், தொடை தெரியக் கால்சட்டை போட்டுக்கொண்டு வாழைப்பழம் உரிக்கிறான். வெட்கம் என்ற ஒன்றை இவர்கள் வீட்டிலேயே கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு வருகிறார்கள்.

இவள் பெஞ்சில் நடுவில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள். தலையைப் பின்னால் சாய்த்து. நான் போய் "நான்தான்" என்றதும் சிரிப்பு நின்றுவிட்டது. பஞ்சர் ஆன மாதிரி நிற்கவில்லை, யாரோ குழாயை மூடின மாதிரி நின்றது.

தக்காளி எழுந்து வந்தான். "வாங்க பெரியவரே! நீங்களும் அம்மாவை ஒரு ரவுண்டு ஓட்டிட்டுப் போகலாமே. ஒரே ஒரு சட்டம்தான். முன்னால உட்காரணும்னா, மொதல்ல கண்ணைக் கட்டிட்டு ஒரு தடவை பின்னால உட்காரணும்."

"இந்த ரோட்டுல நான் வண்டி மிதிச்சப்ப உனக்குப் பால் பல்லே விழலை. கண்ணாமூச்சி ஆட வரலைய்யா நான்."

எல்லோரும் சிரித்தார்கள். என் பேச்சுக்குச் சிரித்தார்களா, எனக்குச் சிரித்தார்களா? இவள் சிரிக்கவில்லை. அதையும் பார்த்துக்கொண்டேன்.

பிப்ரவரி 5, வியாழன்

பேசிவிடுகிறேன், போய்த் தொலையட்டும்.

நீளச் சைக்கிளை எங்கள் கட்டிடத்துக்குக் கீழேதான் விட்டுவைத்திருந்தார்கள், இவளுக்காக. சாவி வாட்ச்மேனிடம். காலையில் வாங்கினேன்.

"வா, நான் ஓட்டறேன்."

இவள் யோசித்தாள். "நீங்களா? சொல்லிச் சொல்லி ஓட்டுவீங்களா?"

"மிதிக்கறது காலு. அதுக்கு வாய் எதுக்கு?"

சிரித்துவிட்டாள். வந்தாள். எத்தனையோ நாளுக்கு அப்புறம் எனக்காகச் சிரித்தது. அதைக் கெடுத்துக்கொண்டேன்.

நன்றாகத்தான் போனோம். எனக்கு இன்னும் காலில் பலம் இருக்கிறது. பணக்கார வில்லாக்கள் எல்லாம் தாண்டியாயிற்று. "எங்க இருக்கோம்?" என்றாள். "ரோட்டுல" என்றேன். "யாரு போறா?" "யாரோ போறான்." அப்புறம் அவள் கேட்கவில்லை.

காப்பகத்துக்குத் திரும்புகிற முனையில் காற்று மணலைக் கொண்டுவந்து ரோட்டில் பரப்பியிருந்தது. பார்த்தேன். பார்க்காமல் இல்லை. மிதிக்கிறதை நிறுத்தி, மெல்ல பிரேக் பிடித்து, உடம்பைச் சாய்த்தேன். பாரம் ஏற்றினவன் செய்கிற மாதிரி. சொல்லவில்லை. பாரத்திடம் யார் சொல்வார்கள்? ஆனால் பின்னால் இருந்த பாரம் மிதித்துக்கொண்டிருந்தது. நான் நிறுத்தினதும் பெடல் அவள் காலை உதைத்தது, பயந்து நேராக நிமிர்ந்தாள், வண்டி மறுபக்கம் இழுத்துக்கொண்டு போய் —

அவளுக்குத் தாடையில் தையல். முழங்கால் பூசணியாக வீங்கியிருக்கிறது.

மணலில் உட்கார்ந்தபடி சொன்னாள். அழவில்லை. "சொல்லியிருந்தா சாஞ்சிருப்பேனே. நான் என்ன ஐஸ் கட்டியா?"

மகள் ஆஸ்பத்திரியில் வைத்தே கத்தினாள். என்னிடம் மட்டும் இல்லை, போனில் பல் டாக்டரிடமும். "சைக்கிளும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். எடுத்துட்டுப் போயிடுங்க." பாவம், அந்த ஆள் மன்னிப்புக் கேட்டிருக்கிறான். அவன் எதற்குக் கேட்கணும்? மானம் கெட்டவன்.

பிப்ரவரி 8, ஞாயிறு

வண்டுகள் வந்தன. ஜன்னலுக்குக் கீழே நின்று ஒருத்தன் சைக்கிள் மணியை அடித்தான். இரண்டு தடவை அடித்தான். இவள் நாற்காலியில்தான் இருந்தாள். தலையைத் திருப்பவில்லை. அப்புறம் போய்விட்டார்கள்.

நான் கேட்டது நடந்துவிட்டது. வீட்டில் இருக்கிறாள்.

பிப்ரவரி 10, செவ்வாய்

"சாப்பிடறியா?" "ம்." "வேணாமா?" "ம்."

பிப்ரவரி 12, வியாழன்

குளியலறைக்குப் போகணும் என்றால் இப்போது கூப்பிடுவதில்லை. கையை நீட்டிவிடுகிறாள். கடையில் மிச்சச் சில்லறைக்கு நீட்டுகிற மாதிரி, எங்கேயோ முகத்தை வைத்துக்கொண்டு. நான் மணிக்கட்டைப் பிடித்துக் கூட்டிப்போகிறேன். எழுந்து வருகிறாள், வருகிறாள், உட்காருகிறாள். இழுக்கவே வேண்டியதில்லை. வழுக்கிக்கொண்டு வருகிறது அந்தக் கை.

நான் கேட்டதுதானே இது? கெடைச்சிருச்சுல்ல? அப்புறம் என்ன கேடு எனக்கு? ஒரு வருஷம் இப்படித்தானே இருந்தா, அப்பல்லாம் நல்லாத்தானே தூங்கினேன். அந்தத் தக்காளி வந்து அவளைச் சிரிக்க வச்சுக் காட்டாம இருந்திருந்தா, இந்த மூஞ்சி இப்படித்தான்னு நானும் இருந்திருப்பேன். எல்லாம் அவனால. பல் பிடுங்கற பய, வீட்டுக்குள்ள வந்து பிடுங்கிட்டான்.

சாயங்காலம் எதிர்வீட்டுக்காரன் கேட்டான்: "என்ன, வீட்டுல சைக்கிள் வீராங்கனை எப்படி இருக்காங்க?" அவனிடம் ஒரு வார்த்தை சொன்னேன். அதை இந்தப் போனில் சொல்லக்கூடாது.

பிப்ரவரி 15, ஞாயிறு

போனேன். பஸ்ஸில், அந்த டீக்கடைக்கு.

தக்காளி என்னைப் பார்த்ததும் எழுந்தான். சண்டைக்கு வந்திருக்கிறேன் என்று நினைத்தான் போல, டீ கிளாஸை மேஜையில் வைத்துவிட்டான்.

"அவளை மறுபடி கூட்டிட்டுப் போ" என்றேன்.

"உங்க பொண்ணு வேண்டாம்னுட்டாங்களே பெரியவரே. குடும்பத்துல ஒருத்தர் வேண்டாம்னாலும் நாங்க கூட்டிட்டுப் போறதில்லை."

"அவளை நான் பாத்துக்கறேன்."

"அம்மா என்ன சொல்றாங்க?"

"ம்ங்கறா."

அவன் சிரிக்கவில்லை. எனக்கு அதுவும் பிடிக்கவில்லை. சிரித்திருந்தால் திட்டிவிட்டு வந்திருக்கலாம். மற்ற வண்டுகள் டீ கிளாஸுக்குள் முகத்தை வைத்துக்கொண்டு காதை மட்டும் இந்தப் பக்கம் நீட்டியிருந்தன. நீளச் சைக்கிள் அங்கேயே மரத்தில் சாய்ந்திருந்தது. எனக்கு என்ன வந்ததோ.

"கட்டித் தொலைய்யா" என்றேன்.

"எதை?"

"கண்ணை."

கழுத்துத் துணியை அவிழ்த்துக் கட்டினான். வேர்வை நாற்றம். மனுஷனுக்கு இப்படியுமா வேர்க்கும்! ஹெல்மெட்டையும் மாட்டிவிட்டான். ஆக நானும் வண்டு. மூணு, ரெண்டு, ஒண்ணு.

அந்த ரோடு என் மண்டைக்குள் இருக்கிறது என்று நினைத்திருந்தேன். தையற்காரன் இருந்த சந்து, அவன் பெண்டாட்டி துணி காயப்போட்ட கம்பி, மாட்டுக்காரன் வீட்டுக் கிணறு, படகு அதிகாரி நாய் வளர்த்த வீடு. நாய்க்கு ஒரு காது கிடையாது. எல்லாம் இருக்கிறது, ஒன்றும் மறக்கவில்லை. துணியைக் கட்டினதும் அத்தனையும் இருந்தது, ஆனால் எது எங்கே என்று இல்லை. முன்னால் போகிறேனா பின்னால் போகிறேனா என்பதே தெரியவில்லை. எதிரே லாரி வந்தது. மேலே ஏறிவிட்டது என்றே நினைத்தேன், அது ரோட்டின் அந்தப் பக்கமாம்.

அவன் சொல்லிக்கொண்டே வந்தான். "வலது பக்கம் சாயறோம். முன்னால பள்ளம், உடம்பைத் தூக்குங்க. ஒரு பாப்பா உங்களைப் பாத்துக் கை ஆட்டுது." பாப்பா கை ஆட்டினால் எனக்கென்ன? ஆனால் நானும் ஒரு கையைத் தூக்கினேன். தூக்கிவிட்டு உடனே பிடித்துக்கொண்டேன்.

பாலத்து மேட்டில் ஏறும்போது அவன் பேச்சு நின்றுவிட்டது.

பெடல் சுற்றுகிறது. காற்று காதில் அடிக்கிறது. அவன் பேசவில்லை. கீழே தண்ணீர்ச் சத்தம் எங்கிருந்தோ வருகிறது. இடதா? வலதா? விளிம்பு எவ்வளவு தூரம்? இருக்கிறானா, இறங்கி ஓடிவிட்டானா? என் தலைக்குள் இருந்த ரோடு, வீடு, நாய் எல்லாம் போய்விட்டது. ஒன்றுமே இல்லை. நான் கத்தினேன்.

"பேசுடா! யோவ்! செத்துட்டியா? பேசுய்யா!"

"மூச்சு... வாங்குது... பெரியவரே... மேடு..."

"மூச்சு அப்புறம் வாங்கு! மொதல்ல பேசு!"

பின்னால் வந்த வண்டுகள் சிரித்த சிரிப்பில் ஒருத்தன் விழப் பார்த்தானாம்.

அவன் வாயை மூடினது மேடு ஏறி முடிக்கிற நேரம்தான். நான் வீட்டில் ஒரு வருஷம் மூடியிருந்தேன்.

இதற்கு மேல் பேச வேண்டாம் இன்றைக்கு.

பிப்ரவரி 17, செவ்வாய்

மகளிடம் சொன்னேன். வண்டியைக் கவிழ்த்தவன் நான், அவர்கள் இல்லை, அம்மா போகட்டும் என்று. அவள் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள், ஜுரமா என்று. மருந்துக்கடையில் வேலை பார்த்தால் புத்தி இப்படித்தான் போகும்.

"மறுபடி விழுந்தா?"

"விழுந்தா எந்திரிப்பா. இங்க உக்காந்தே விழுந்துகிட்டு இருக்காளே, அதுக்கு எந்த ஊர்ல தையல் போடுவே?"

மகள் கைப்பையை மேஜையில் வைத்தாள். அப்புறம், "சரி, டாக்டர்தான் ஓட்டணும். நீ ஹாண்டில் பாரைத் தொட்டே, அவ்வளவுதான்" என்றாள்.

நாற்காலியிலிருந்து சத்தம் வந்தது. "யாரு ஓட்டணும்னு உட்காரப் போறவ சொல்லக் கூடாதா?"

இரண்டு பேரும் திரும்பினோம்.

"மொதல்ல டாக்டர். முழங்கால் சரியானதும் இவர். வாயைத் திறந்தா இவர். திறக்கலைன்னா நான் பாதியிலேயே இறங்கிடுவேன், பஸ்ஸு எனக்கும் தெரியும்."

"கண்ணைக் கட்டிட்டு உட்கார்ந்தேன்" என்றேன் அவளிடம்.

"டாக்டர் போன் பண்ணிச் சொன்னாரு."

"என்ன சொன்னான்?"

"கத்தினீங்களாம்." உதடு லேசாகக் கோணியது. தாடையில் தையல் இழுத்ததா, சிரிப்பா? கேட்கவில்லை. கேட்டால் நின்றுவிடும்.

பிப்ரவரி 22, ஞாயிறு

இவள் தக்காளியோடு போனாள். நான் டீக்கடையில் காத்திருந்தேன். அங்கே டீ என்று ஒன்று கொடுக்கிறார்கள். பாத்திரம் கழுவின தண்ணீருக்கு மரியாதையான பெயர். திரும்பி வந்தவளுக்கு நடக்கும்போது கொஞ்சம் கால் இழுத்தது. வலிக்குதா என்று கேட்டேன். "வலிக்குது, நல்லா இருக்கு" என்றாள். பொம்பளை மனசு.

மார்ச் 1, ஞாயிறு

ஓட்டினேன்.

காப்பகத்துக்குள் மட்டும் என்றுதான் மகளோடு பேச்சு. சதுப்பு நடுவே போகிற பாதை, கார் கிடையாது, மேடு கிடையாது. தக்காளி பின்னால் தனிச் சைக்கிளில் வந்தான். பிரசவ அறைக்கு வெளியே நிற்கிற மாமியார் மாதிரி முகம்.

மூணு, ரெண்டு, ஒண்ணு. நானும் சொன்னேன் அந்தக் கருமத்தை.

"திருப்பம், இடது. பலகைப் பாலம், கடகடன்னு சத்தம் வரும். நேர் பாதை. நேர் பாதை. நேர் பாதை."

"அது எனக்கே தெரியுது. வேற?"

வேற என்ன? டாக்டரானால், நீலமாக விரிந்த வானம், வெள்ளி மாதிரித் தண்ணீர் என்று அவிழ்த்து விடுவான். எனக்கு அந்தப் பாஷை வராது. அழகு என்ற வார்த்தையை நான் வாயில் போட்டு மென்றதே இல்லை. கொஞ்ச தூரம் வாய் அடைத்துக்கொண்டே போனேன். பின்னால் அவள் கால் மெதுவாகிறது. பெடலில் தெரிகிறது அது. அவள் மிதிக்கிறதும் விடுகிறதும் என் காலுக்கு வருகிறது. இறங்கிவிடுவாள். சொன்னதைச் செய்கிறவள்.

"ஒரு கொக்கு நிக்குது" என்றேன்.

"எப்படி நிக்குது?"

"எப்படின்னா... வேலையை விட்டுத் தூக்கின கிளார்க்கு மாதிரி. ஒத்தைக் கால்ல. வீட்டுக்குப் போனா பெண்டாட்டிகிட்ட என்ன சொல்றதுன்னு தண்ணியையே பாத்துட்டு."

பெடல் வேகம் பிடித்தது.

"அப்புறம்?"

"இன்னொண்ணு வருது. பெரிய மூக்கு. கூப்பிடாம வந்த சம்பந்தி மாதிரி, பந்தி எங்கேன்னு தலையை ஆட்டி ஆட்டித் தேடுது. அந்தப் பக்கம் ஒரு கூட்டம், எல்லாம் ஒரே திசையைப் பாத்துட்டு ஒண்ணும் பண்ணாம உக்காந்திருக்கு. கவர்மெண்டு ஆபீஸ்."

"மரம் ஏதாச்சும்?"

"இருக்கு. அதுக்கு வேரு மேல, தலை கீழ. குடிச்சுட்டு விழுந்தவன் கையை ஊணி எந்திரிக்கப் பாக்கற மாதிரி. பலகை மேல ஒரு வண்டு நிக்குது, நம்ம வண்டுதான், தொடை தெரியற கிழவன். தூரக் கண்ணாடி வச்சுப் பறவை பாக்கறான். பறவை அவன் காலைப் பாக்குது. பாவம் பறவை."

அவள் சிரித்த சிரிப்பில் அந்த ஏணிச் சைக்கிள் முழுக்க ஆடியது.

"சிரிக்காதேடி, வண்டி ஆடுது! பிரேக் பிடிக்கறேன். பிடிக்கறேன்னு சொல்லிட்டேன், அப்புறம் சொல்லலைங்காதே! நிறுத்தறேன்."

நிறுத்தினேன். கீழே கால் ஊன்றி நின்றோம். என் முதுகில் நெற்றியை வைத்துக்கொண்டு சிரித்தாள். மூச்சு விட்டு விட்டுச் சிரித்தாள். சட்டையெல்லாம் ஈரம். பின்னால் தக்காளி இறங்கி ஓடிவந்தான், விழுந்துவிட்டோம் என்று.

"என்னாச்சு பெரியவரே?"

"ஒண்ணுமில்லை போய்யா. குடும்ப விஷயம்."

திரும்பும்போது வில்லாக்கள் வழியாகவும் போகலாம் என்றாள். மகளிடம் சொல்ல வேண்டாம் என்றும் சொன்னாள். அத்தனை வீட்டையும் சொன்னேன், ஒன்று விடாமல். கடலைப் பார்க்க மூன்று மாடி கட்டி, கடல் காற்று வரும் என்று ஜன்னலை எல்லாம் சாத்தி வைத்திருக்கிறவன். வாசலில் இரண்டு கல் சிங்கம் வைத்து, அதற்கும் பயந்து ஒரு நாய் வளர்க்கிறவன். தையற்காரன் சந்து இருந்த இடத்தில் நீச்சல் குளம். குளத்தில் ஒருத்தரும் இல்லை, ஒரு செருப்பு மட்டும் நீச்சல் பழகுகிறது. "எந்தக் கால் செருப்பு?" என்றாள். நின்று பார்த்துச் சொன்னேன். இடது.

வீடு வந்தும் அவளுக்குப் போதவில்லை. சாப்பிடும்போது, "எதிர்வீட்டுக்காரர் இப்ப எப்படி இருக்காரு பாக்கறதுக்கு?" என்று கேட்டாள். அதற்கு ராத்திரிவரை ஆயிற்று.

மார்ச் 2, திங்கள்

தொண்டை கட்டிக்கொண்டது. காற்றுதான் வருகிறது, போனை வாயோடு ஒட்டிப் பேசுகிறேன். மகள் உப்புப் போட்ட வெந்நீர் கொடுத்து, எதற்குத்தான் இப்படி நாள் பூராவும் கத்தினாயோ என்று திட்டிவிட்டுப் போனாள். என் கிழவி நாற்காலியிலிருந்து, "இன்னிக்கு யார்கிட்டயும் பேசாதீங்க, ஞாயித்துக்கிழமைக்கு வேணும்" என்கிறாள்.